வயரிங் படம் முன்கூட்டியே சொல்வது

வண்டியின் சீட்டைத் தூக்கினால், வயர்க் கட்டிலிருந்து பழுப்பு நிற வயர் ஒன்று தனியே தெரிகிறது. அது எதற்கான வயர்? ஜெர்மன் கார் என்றால் அநேகமாக எர்த். லூக்காஸ் முறைப்படி வயரிங் செய்த பழைய பிரிட்டிஷ் வண்டி என்றால், பேட்டரியிலிருந்து நேராக வரும் மெயின் சப்ளை. சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். யமஹா பைக்கில் பழுப்பு, சாவி போட்டபின் வரும் சப்ளை. ஹோண்டா பைக்கில் டெயில் லைட்டுக்குப் போகும் வயர். கறுப்பின் கதையும் இதுதான். யமஹாவிலும் பெரும்பாலான ஜப்பானியக் கார்களிலும் கறுப்பு என்றால் எர்த். ஹோண்டா பைக்கில் எர்த் பச்சை. கறுப்பு, சாவி வழியாக வரும் பாசிட்டிவ். யமஹாவில் கைப்பழகிய ஒருவர் ஹோண்டாவின் கறுப்பு வயரை எர்த் என்று நம்பி பாடியில் முடுக்கினால், சாவியைத் திருப்பிய கணமே ஃபியூஸ் போய்விடும்.

பட்டறையில் தொழில் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தரப்படுவது நிறங்கள்தான். ஒரே கம்பெனி வண்டியை நாள்தோறும் பார்க்கிறவருக்கு அது போதும். 1961-இல் சென்னைப் பாடியை இடமாகக் கொண்டு வண்டி மின்சாதனக் கம்பெனியான லூக்காஸ்-டிவிஎஸ் தொடங்கிய காலத்தில், நம் சாலைகளில் ஓடிய கார் வகைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். இன்று ஒரே தெருவில் ஜப்பான், கொரியா, ஜெர்மனி, உள்நாடு என்று பல மரபுகளின் வண்டிகள் நிற்கின்றன. நிறத்தை மட்டும் நம்பியவருக்கு ஒவ்வொரு புது வண்டியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும் பாடம். வயரிங் படத்தை வாசிக்கத் தெரிந்தவருக்கு அந்தச் சிரமம் இல்லை. எந்தக் கம்பெனி வரைந்திருந்தாலும் படத்துக்கு அடியில் இருக்கும் மின்னியல் ஒன்றே.

நிறம் உதவுவது, படத்தில் பார்த்த வயரை வண்டியில் கண்டுபிடிப்பதற்கு. படத்தில் அது சுருக்கெழுத்தாக இருக்கும். ஜப்பானியப் படங்களில் பி என்ற எழுத்து கறுப்புக்குப் போய்விட்டதால், நீலத்துக்குப் பல கம்பெனிகள் எல் என்று போடுகின்றன. சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எழுத்துகள் இருந்தால் முதலாவது வயரின் அடிநிறம், அடுத்தது அதன்மேல் ஓடும் மெல்லிய கோட்டின் நிறம். சிவப்பில் வெள்ளைக் கோடும், வெள்ளையில் சிவப்புக் கோடும் வேறு வேறு வயர்கள். பக்கத்தில் 0.5, 1.5, 2.5 என்று எண் இருந்தால் அது செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். இவ்வளவு தெரிந்தால் நிறப் பாடம் முடிந்தது.

படம் வண்டியின் உருவத்தைக் காட்டுவதில்லை. பழைய கையேடுகளில் ஹெட்லைட்டை இடது ஓரத்திலும் டெயில் லைட்டை வலது ஓரத்திலும் வைத்து, நடுவே ஐம்பது கோடுகளை நெருக்கி ஓட்டியிருப்பார்கள். வண்டியின் அமைப்பு புரியும். மின்சாரம் எப்படிப் போகிறது என்பது புரியாது. இப்போதைய படங்கள் ஒவ்வொரு சுற்றையும் தனித்தனியாகப் பிரித்து வரைகின்றன. பேட்டரியும் சப்ளையும் மேலே, எர்த் கீழே. நடுவில் ஃபியூஸ், சுவிட்ச், ரிலே, பல்பு. தாளில் ஒரு அங்குலத் தொலைவில் இருக்கும் இரண்டு பொருள்கள் வண்டியில் பானட்டுக்கு அடியில் ஒன்றும் டிக்கியில் ஒன்றுமாக இருக்கலாம். எங்கே இருக்கிறது என்பதற்குத் தனிப் பக்கம் உண்டு. கப்ளரின் முகத்தில் எந்த முள் எத்தனையாவது என்பதற்கு இன்னொரு பக்கம் உண்டு. மூன்றையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். சுற்றுப் படம் மட்டும் கையிலிருந்தால் பழுது எங்கே என்று தெரிந்த பிறகும் கைவைக்க இடம் தெரியாது.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் படங்கள் இதில் ஒரு நேர்த்தியான வழியைக் கையாளுகின்றன. தாளின் அடியில் 1, 2, 3 என்று தடங்களுக்கு எண் ஓடும். ஒரு கோடு பாதியில் நின்று, அதன் முனையில் சிறு சதுரத்துக்குள் 64 என்று இருந்தால், 64-ஆவது தடத்துக்குப் போகச் சொல்கிறது. அங்கே போனால் அதே கோடு, நீங்கள் விட்டுவந்த தடத்தின் எண்ணோடு காத்திருக்கும். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் வெட்டிக்கொள்வது இதனால் பெரிதும் குறைகிறது. மற்ற கம்பெனிகளின் படங்களில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டும். வெட்டும் இடத்தில் கரும்புள்ளி இருந்தால் இணைப்பு; புள்ளி இல்லையென்றால் ஒன்றின் மேல் ஒன்று கடந்து போகிறது, அவ்வளவுதான். ஒரு சாதனத்தின் கட்டம் விட்டுவிட்டு வரையப்பட்ட கோட்டால் ஆனது என்றால், பல கையேடுகளில் அதற்கு இந்தத் தாளில் சாதனத்தின் ஒரு பகுதிதான் காட்டப்பட்டிருக்கிறது என்று பொருள். மீதி வேறு தாளில் இருக்கும்.

இனி முக்கியமான விஷயம். இரண்டு புள்ளிகளைப் படத்தில் ஒரு கோடு இணைத்தால், அந்த இரண்டு புள்ளிகளிலும் ஒரே மின்னழுத்தம் இருக்க வேண்டும். கோடு எவ்வளவு நீளம், எத்தனை கப்ளரைக் கடக்கிறது என்பது பொருட்டில்லை. வோல்ட் மாறுவதற்கு அனுமதி உள்ள இடங்கள் இரண்டே: ஒன்று, திறந்திருக்கும் சுவிட்ச்; மற்றது, பல்பு, மோட்டார், காயில் போல வேலை செய்துகொண்டிருக்கும் லோடு. வேறு எங்கே வோல்ட் குறைந்தாலும் பழுது அங்கேதான். ஆகவே மீட்டரைக் கையில் எடுப்பதற்கு முன்பே, எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பதைப் படம் சொல்லிவிடுகிறது. அந்த எதிர்பார்ப்பை மனதில் எழுதிக்கொண்ட பிறகு மீட்டரின் முள்ளை வைத்துப் பார்ப்பதற்குப் பெயர்தான் வயரிங் படம் வாசிப்பது. எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் வைத்துப் பார்த்தால், மீட்டரில் தெரியும் 11.8 நல்லதா கெட்டதா என்றே தெரியாது.

வோல்ட்டை முன்கூட்டிச் சொல்வதற்கு இன்னொரு மரபையும் தெரிந்துகொள்ள வேண்டும். படம் வண்டியை ஓய்வு நிலையில் வரைகிறது. சாவி போடவில்லை, இன்ஜின் ஓடவில்லை, பிரேக்கில் கால் இல்லை, ரிலேக்கு மின்சாரம் இல்லை. இதை மறந்தால் ஆயில் பிரஷர் சுவிட்ச் குழப்பிவிடும். மற்ற சுவிட்ச்கள் எல்லாம் திறந்திருக்க, அது மட்டும் மூடிய நிலையில் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருப்பதாக வரையப்பட்டிருக்கும். பிழையில்லை. இன்ஜின் நிற்கும்போது ஆயிலுக்கு அழுத்தம் கிடையாது, சுவிட்ச் மூடியிருக்கிறது. சாவி போட்டதும் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான். இன்ஜின் ஓடி அழுத்தம் ஏறியதும் ஆயிலே அந்தச் சுவிட்சைத் திறக்கிறது, விளக்கு அணைகிறது. சாவி போட்டும் இந்த விளக்கு எரியவில்லை என்றால் "எல்லாம் நலம்" என்று விட்டுவிடக் கூடாது. பல்போ வயரோ அறுந்திருக்கிறது, நாளை ஆயில் தீர்ந்தாலும் அது எரியப்போவதில்லை.

அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் பேட்டரி விளக்கு இன்னும் அழகான சுற்று. வழக்கமான ஆல்டர்னேட்டர் கொண்ட கார்களில் அதன் ஒரு முனை சாவி வழியாக வரும் சப்ளையில் இருக்கும். மறுமுனை எர்த்துக்குப் போகாமல் ஆல்டர்னேட்டரின் டி+ என்ற முனைக்குப் போகும். விளக்கை அணைக்க அந்தச் சுற்றில் சுவிட்ச் என்று எதுவுமே இல்லை. பின் எப்படி அணைகிறது? சாவி போட்டு இன்ஜின் ஓடாதபோது, டி+ முனை ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு காயில் வழியாக எர்த்தைப் பார்க்கிறது. விளக்கின் ஒரு பக்கம் 12 வோல்ட், மறுபக்கம் ஏறக்குறைய எர்த், எரிகிறது. இன்ஜின் ஓடி ஆல்டர்னேட்டர் மின்சாரம் தரத் தொடங்கியதும் டி+ முனை 14 வோல்ட்டுக்கு ஏறுகிறது. பேட்டரியும் 14-ஐ ஒட்டி ஏறுகிறது. இரண்டு பக்கமும் ஒரே வோல்ட், நடுவில் ஓட்டம் இல்லை, விளக்கு அணைகிறது. அணைந்த விளக்கின் இரு முனையிலும் முழு வோல்ட் இருப்பது இங்கே ஆரோக்கியத்தின் அடையாளம். இன்னொன்றும் உண்டு: தொடக்கத்தில் ஃபீல்டு காயிலுக்குக் காந்தம் ஊட்டுவதே இந்தச் சிறு விளக்கின் வழியாகப் போகும் மின்னோட்டம்தான். பல்பு போய்விட்டால் சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யத் தொடங்குவதே இல்லை. சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரையே கழற்றுவது பட்டறைகளில் நடக்கிற காரியம். படத்தைப் பார்த்தவர் முதலில் பல்பைப் பார்ப்பார்.

முனைகளின் எண்களுக்கு வருவோம். ஜெர்மனியின் டி.ஐ.என். 72552 என்ற தரவிதி, வண்டி மின்சாரத்தின் முனைகளுக்கு நிலையான எண்களைக் கொடுத்தது. 30 என்றால் பேட்டரியிலிருந்து எப்போதும் வருவது. 15 என்றால் சாவி போட்டபின் வருவது. 31 எர்த். 50 செல்ஃப் மோட்டாருக்கான கட்டளை. ரிலேயில் 85, 86 காயிலின் இரு முனைகள். 30 சப்ளை நுழையும் இடம், 87 வெளியேறும் இடம், 87ஏ ரிலே ஓய்வில் இருக்கும்போது தொட்டுக்கொண்டிருப்பது. சந்தையில் கிடைக்கும் கனசதுர ரிலே எதைப் புரட்டிப் பார்த்தாலும் அடியில் பெரும்பாலும் இந்த எண்கள் தெரியும். எந்த நாட்டு வண்டியில் போடுவதாக இருந்தாலும் சரி.

ரிலே எதற்கு? எச்4 ஹாலஜன் பல்பு 60/55 வாட். டிம்மில் இரண்டு பல்புக்கும் சேர்த்து 110 வாட், அதாவது 9 ஆம்பியருக்கு மேல். அத்தனையையும் கைப்பிடிச் சுவிட்ச் தாங்கினால் அதன் தொடுமுனை விரைவில் கருகிவிடும். ரிலேயின் காயில் இழுப்பதோ 0.15 ஆம்பியர் அளவுதான். சுவிட்ச் அந்தச் சிறு ஓட்டத்தை மட்டும் கையாள, பெரிய ஓட்டம் தடித்த வயர் வழியாக ரிலேயின் தொடுமுனையில் போகிறது. ஆக, ரிலே உள்ள எந்தச் சுற்றையும் படத்தில் இரண்டு சுற்றுகளாகப் பிரித்து வாசிக்க வேண்டும்: கட்டளையிடும் சுற்று ஒன்று, வேலை செய்யும் சுற்று ஒன்று. இரண்டுக்கும் தனித் தனி சப்ளை, தனித் தனி எர்த். இந்தப் பிரிவைச் செய்யாமல் வாசிப்பவர்கள்தான் படத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

ஒரு சுற்றை நெருங்கிப் பார்ப்போம். ஒரு கார், சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. டக் என்ற சத்தமும் இல்லை. ஹார்ன் அடிக்கிறது, லைட் எரிகிறது. படத்தில் இப்படி இருக்கிறது: ரிலேயின் 30-க்கு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக சப்ளை. 86-க்கு இக்னிஷன் சுவிட்சின் ஸ்டார்ட் முனையிலிருந்து வயர். 85, கிளட்ச் பெடலில் உள்ள சுவிட்ச் வழியாக எர்த்துக்கு. 87-இலிருந்து செல்ஃப் மோட்டாரின் சாலினாய்டுக்கு. எல்லாக் கார்களிலும் கிளட்ச் சுவிட்ச் எர்த் பக்கம்தான் இருக்கும் என்றில்லை; சிலவற்றில் சப்ளை பக்கம் இருக்கும். அதைச் சொல்வதற்குத்தான் படம்.

எங்கிருந்து தொடங்குவது? பேட்டரியிலிருந்து வயர் வயராகத் தடவிக்கொண்டு போனால் மாலையாகிவிடும். ரிலேயைப் பிடுங்கினால் நான்கு துளைகள். சுற்றின் நான்கு கைகளும் அந்த ஒரே இடத்துக்கு வந்து சேருகின்றன. ஒவ்வொரு துளைக்கும் படம் ஒரு விடையை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது. 30-இல் எந்நேரமும் பேட்டரியின் வோல்ட், நல்ல பேட்டரி என்றால் 12.6-ஐ ஒட்டி. 86-இல் சாதாரணமாகப் பூஜ்ஜியம், சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போது மட்டும் 12. 85-இலிருந்து எர்த்துக்குத் தடை அளந்தால், கிளட்ச் மேலே இருக்கையில் முடிவிலி, மிதித்தால் பூஜ்ஜியத்தை ஒட்டி. 87-இலிருந்து எர்த்துக்கு அளந்தால் சாலினாய்டு காயிலின் தடை, ஓரிரு ஓமுக்குள். நான்கில் எந்த விடை தவறுகிறதோ அந்தக் கையில் பழுது. 30 தவறினால் ஃபியூஸ். 86 தவறினால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் வயர். 85 தவறினால் கிளட்ச் சுவிட்ச் அல்லது எர்த். 87 தவறினால் கீழே போகும் வயர் அல்லது சாலினாய்டு. நான்கும் சரி என்றால் கையில் பிடித்திருக்கும் ரிலேதான் குற்றவாளி. டேஷ்போர்டைக் கழற்றவில்லை, வண்டிக்கு அடியில் படுக்கவில்லை.

இதே காரில் ரிலே அடிக்கிறது, சாலினாய்டும் அடிக்கிறது, மோட்டார் மட்டும் முனகுகிறது என்றால் கதை வேறு. பேட்டரியும் நல்லது என்று வைத்துக்கொள்வோம். செல்ஃப் மோட்டார் இழுக்கும் ஓட்டம் சிறிய கார்களிலேயே 100 ஆம்பியரைத் தாண்டும். தடித்த கேபிளின் முனையில் பச்சை பூத்து, அங்கே ஒரு ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்திருக்கிறது என்று வையுங்கள். 150 ஆம்பியர் போகும்போது அந்த முனையிலேயே 1.5 வோல்ட் காணாமல் போகும். மல்டிமீட்டரை ஓமில் வைத்தால் இது தெரியாது. மீட்டரின் வயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் ஒரு முள், இன்ஜின் பிளாக்கில் ஒரு முள் வைத்து, வோல்ட்டில் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்ல வேண்டும். படத்தில் அந்த இரண்டு இடமும் ஒரே கோடு, எதிர்பார்ப்பு பூஜ்ஜியம். நடைமுறையில் 0.2, 0.3 வரை பொறுக்கலாம். 1.5 வந்தால் மோட்டாரில் கைவைக்காமல் எர்த் கேபிளைச் சுத்தம் செய்யுங்கள்.

லோடு ஓடும்போது அளப்பது எவ்வளவு முக்கியம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டிஜிட்டல் மல்டிமீட்டரின் உள்தடை வழக்கமாக 10 மெகா ஓம். அது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. ஒரு வயர் உள்ளே அரித்துப்போய் ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருந்தாலும், அந்த மைக்ரோ ஆம்பியர் சிரமமில்லாமல் போய்விடும். மீட்டர் 12 வோல்ட் காட்டும், பல்பு எரியாது. பழைய எலக்ட்ரீஷியன்கள் கையில் வைத்திருக்கும் டெஸ்ட் லைட், தானே கால் ஆம்பியர் அரை ஆம்பியர் இழுக்கும். அரித்த வயரில் அது மங்கிவிடும். இந்த வேலைக்கு அதை இன்னமும் நான் நம்புகிறேன். ஆனால் கம்ப்யூட்டர் யூனிட்டுக்குப் போகும் வயர்களில் அதை வைக்கக் கூடாது. அந்த ஓட்டமே யூனிட்டின் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடலாம்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவது அந்தக் கீழ்ப்பக்கம்தான். வண்டியில் திரும்பும் வயர் தனியாக இல்லை. சேஸிஸ், பாடி எல்லாமே பேட்டரியின் நெகட்டிவ். சாதனத்திலிருந்து குட்டி வயர் ஒன்று வந்து ஏதோ ஓர் இடத்தில் போல்ட்டில் முடுக்கப்பட்டிருக்கும். மழை, உப்புக்காற்று, பெயிண்ட் எல்லாம் அந்தப் போல்ட்டுக்கு எதிரிகள். கடலோர ஊர்களில் வயரிங் புகார்களைத் தேடிப் போனால் பாதி வழியில் எர்த் போல்ட்டில் வந்து நிற்போம்.

பின்பக்க விளக்கில் 21/5 வாட் என்ற இரட்டை இழை பல்பு இருக்கிறது. 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயிலுக்கு. இரண்டுக்கும் சப்ளை தனித்தனி. எர்த் மட்டும் பல்பின் பித்தளைக் கூடு வழியாக ஒன்றே. அந்த எர்த் விட்டுப்போனால் என்ன ஆகும்? விளக்கு எரியாது என்றுதான் தோன்றும். படத்தில் விரலை வைத்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்ததும் சப்ளை 21 வாட் இழைக்குள் நுழைகிறது, கூட்டுக்கு வருகிறது. கீழே எர்த் இல்லை. ஆனால் கூட்டிலிருந்து இன்னொரு வழி திறந்திருக்கிறது: 5 வாட் இழை வழியாகப் பின்னோக்கி ஏறி, டெயில் லைனுக்குள் போய், அதே லைனில் தொங்கும் நம்பர் பிளேட் விளக்கு, முன் பார்க்கிங் விளக்கு, மீட்டர் விளக்கு ஆகியவற்றின் வழியாக அவற்றின் நல்ல எர்த்தை அடைகிறது. எரியும் நிலையில் 21 வாட் இழையின் தடை ஏறக்குறைய 7 ஓம், 5 வாட் இழைக்கு 29 ஓம். தொடராக வரும்போது வோல்ட்டில் பெரும்பங்கு தடை அதிகமுள்ள பக்கம் விழும். அதனால் பிரேக் இழை எரியாது. டெயில் இழை மங்கலாக எரியும். லைட் சுவிட்ச் போடாமலேயே மற்ற சிறு விளக்குகளும் மினுக்கலாம். பிரேக்கை மிதித்தால் மீட்டர் விளக்கு மினுக்குகிறது என்று ஒருவர் வந்து சொன்னால், படம் தெரியாதவருக்கு அது பேய் வேலை. படம் தெரிந்தவர் நேராகப் பின்விளக்கின் எர்த்துக்குப் போவார். பிரேக்கை மிதித்துக்கொண்டே அந்த எர்த் முள்ளில் மல்டிமீட்டரை வைத்தால் பூஜ்ஜியம் வர வேண்டும். அங்கே பல வோல்ட் நின்றால் தீர்ப்பு அதுவே.

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து துடிப்பதும் இதே குடும்பம்தான். சம்பந்தமில்லாத இரண்டு விளக்குகள் சேர்ந்து கோளாறு செய்தால், அவற்றுக்குப் பொதுவான இடத்தைப் படத்தில் தேட வேண்டும். பொதுவான ஃபியூஸ், பொதுவான கப்ளர், பொதுவான எர்த். பல கையேடுகளில் எர்த் இடங்களுக்கு ஜி101, ஜி402 என்பதுபோல் எண் கொடுத்து, எந்தெந்தச் சாதனங்கள் அந்த ஒரே போல்ட்டில் வந்து சேர்கின்றன என்று தனிப் பக்கமே போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. புரட்ட வேண்டிய முதல் பக்கம் அது.

ஃபியூஸ் பற்றி ஒரு வார்த்தை. 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. அதனால்தான் படத்தில் வயரின் தடிமனும் ஃபியூஸின் எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தியிருக்கும். 10 அடிக்கடி போகிறதே என்று அந்த இடத்தில் 30 போட்டால், அடுத்த முறை ஷார்ட் ஆகும்போது உருகப்போவது வயரும் அதன் மேலுறையும். வண்டி தீப்பிடிப்பதற்கு அது போதும்.

இதுவரை சொன்னவை பல்பும் ரிலேயும் உள்ள வண்டிகளுக்கு. இப்போது சாதாரண பைக்கின் படமே மாறிவிட்டது. 2017 ஏப்ரலிலிருந்து இந்தியாவில் புதிய இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிய வேண்டும் என்று விதி வந்ததும், படத்திலிருந்து ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே மறைந்துபோனது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 மாசு விதி வந்ததோடு நூறு சிசி பைக்கிலும் கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரும், சென்சார்களும், ஒரு கட்டுப்பாட்டு யூனிட்டும் குடியேறின. படத்தின் நடுவில் இப்போது ஒரு பெரிய கட்டம். நாலா பக்கமிருந்தும் வயர்கள் அதற்குள் போகின்றன. உள்ளே என்ன நடக்கிறது என்று படம் காட்டாது.

பயப்பட வேண்டியதில்லை, விதி மாறவில்லை. இன்ஜெக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஒரு முனைக்குச் சாவி போட்டதும் 12 வோல்ட் வருகிறது. மறுமுனை யூனிட்டுக்குப் போகிறது. பெட்ரோல் தெளிக்க வேண்டிய சில மில்லி விநாடிகளுக்கு மட்டும் யூனிட் அதை எர்த்தில் இணைக்கிறது. இன்ஜின் நிற்கும்போது இரண்டு முனையிலும் 12 வோல்ட் காட்டும். ஷார்ட் என்று பதற வேண்டாம். காயிலில் ஓட்டம் இல்லை, ஆகவே இரு பக்கமும் ஒரே வோல்ட். அணைந்த பேட்டரி விளக்கில் பார்த்த அதே நிலை. மாறாக, யூனிட் பக்க முனையில் பூஜ்ஜியம் காட்டினால் இரண்டில் ஒன்று: இன்ஜெக்டரின் காயில் அறுந்திருக்கிறது, அல்லது அந்த வயர் எங்கோ எர்த்தைத் தொட்டுவிட்டது. சென்சார்களுக்கு யூனிட்டே 5 வோல்ட் தருகிறது. மூன்று வயர் சென்சாரில் ஒன்று 5 வோல்ட், ஒன்று சென்சார் எர்த், ஒன்று சிக்னல். பல சென்சார்கள் ஒரே 5 வோல்ட்டைப் பகிர்ந்துகொண்டால், ஒரு சென்சாரில் ஷார்ட் ஆனதும் நான்கு சென்சார் கெட்டதாக ஸ்கேனர் அறிவிக்கும். நான்கையும் மாற்றிச் செலவு வைப்பதற்கு முன், நான்குக்கும் பொதுவான கோடு எது என்று படத்தில் பார்க்க வேண்டும்.

யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள, ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர்கள் உண்டு. பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய கேன் முறை அது. படத்தில் இந்த ஜோடியின் இரு கோடிகளிலும் 120 ஓம் தடை ஒன்று இருக்கும். இரண்டு 120 ஓம் இணையாக இருந்தால் 60 ஓம். பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள டயக்னாஸ்டிக் கப்ளரின் 6-ஆம் முள்ளுக்கும் 14-ஆம் முள்ளுக்கும் இடையே ஓம் அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்ஜியம் வந்தால் இரண்டு வயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. கேட்வே என்ற இடைநிலை யூனிட் வைத்த சில கார்களில் அந்த முள்கள் கேட்வேயை மட்டுமே பார்க்கும். அப்போது படத்தைப் பார்த்து வேறு இடத்தில் அளக்க வேண்டும். லட்சக்கணக்கில் விலையுள்ள காரின் வலைப்பின்னல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும் ஒரு பக்கப் படமும் போதும்.

அந்த ஒரு பக்கம் கிடைப்பதில்தான் சிக்கல். பழைய மோட்டார் சைக்கிள்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் வயரிங் படம் அச்சிட்டிருப்பார்கள். வாங்கியவர் யாரும் பார்க்கலாம். இன்று வண்டியோடு வரும் புத்தகத்தில் பெரும்பாலும் ஃபியூஸ் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள். முழுப் படம் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. தெருமுனைப் பட்டறைக்காரர் நிறத்தையும் அனுபவத்தையும் நம்பியே வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஊகம் தப்பினால் நல்ல யூனிட் மாற்றப்படுகிறது, பணம் வண்டிக்காரருடையது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த 715/2007 விதி, தனியார் பட்டறைகளுக்கும் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டிய தகவல்களின் பட்டியலில் வயரிங் படத்தைப் பெயர் சொல்லியே சேர்த்தது. இந்தியாவில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில் அதற்கான இணையதளமும் திறக்கப்பட்டது. அந்த ஏற்பாடு உண்மையில் பயன்பட வேண்டும் என்றால், இந்தியாவில் விற்கப்படும் ஒவ்வொரு வண்டிக்கும் முழு வயரிங் படம், கப்ளர் முகங்களோடும் எர்த் இடங்களோடும், கட்டணமின்றி அங்கே இருக்க வேண்டும். வண்டி வாங்கும் நாளில் ஷோரூமில் அதைக் கேளுங்கள். தரமாட்டோம் என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.